இலையை நம்பாதீர்கள், காயை அறுத்துப் பாருங்கள்

பள்ளிக்கூடத்து மதில் ஓரம், கல்யாண மண்டபத்து முகப்பு, அரசு அலுவலக வளாகம் என்று எங்கு பார்த்தாலும் குரோட்டன்ஸ் நிற்கிறது. ஒரு செடியில் இலை கையகலம் இருக்கும். அடுத்த செடியில் விரலளவுக்கு ஒடுங்கி நீண்டிருக்கும். இன்னொன்றில் இலை முறுக்கிக்கொண்டு தொங்கும். சில வகைகளில் இலையின் நடுப்பகுதி காணாமல் போய், வெறும் நரம்பு மட்டும் நீண்டு, அதன் நுனியில் மறுபடியும் ஒரு குட்டி இலை முளைத்திருக்கும். நிறமும் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, கரும்பச்சை என்று செடிக்குச் செடி மாறும். நர்சரிக்காரர் இவற்றை நூற்றுக்கணக்கான வகைகளாகப் பிரித்து விற்கலாம். தாவரவியலுக்கு இவை அத்தனையும் ஒரே இனம்: கோடியம் வேரிகேட்டம்.

இது குரோட்டனே அல்ல என்பது அதைவிட வேடிக்கை. லின்னேயஸ் 1753-இல் இதைக் குரோட்டன் பேரினத்தில் சேர்த்தார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் அட்ரியன் த ஜுஸ்ஸியூ 1824-இல் கோடியம் என்ற தனிப் பேரினத்தை வகுத்தார். இருநூறு ஆண்டுகள் ஆகியும் தோட்டக்காரர் வாயில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. உண்மையான குரோட்டன்கள் வேறு. சித்த மருத்துவத்தில் கடும்பேதிக்குப் பெயர்போன நேர்வாளம் ஒரு குரோட்டன். தண்டவாளம் ஓரமும் தரிசிலும் மண்டிக் கிடக்கும், தென் அமெரிக்காவிலிருந்து வந்த ரயில்பூண்டு இன்னொரு குரோட்டன். இலையின் அடிப்புறத்தைக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். குரோட்டன்களில் விண்மீன் வடிவ மயிர்களோ வட்டச் செதில்களோ இருக்கும். இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் பெரும்பாலும் இரண்டு சுரப்பிகள் தெரியும். ஆண்மொட்டைப் பிரித்தால் மகரந்தத்தாள்கள் உள்நோக்கி மடிந்திருக்கும். தோட்டத்துக் கோடியத்தில் இந்த மூன்றும் கிடையாது. இலை வழவழவென்றிருக்கும்.

ஆமணக்குக் குடும்பத்துச் செடிகளை இனங்காண முனைபவருக்கு இதில் முதல் பாடம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் இலையின் வடிவமும் நிறமும் செடியின் உயரமும் நம்பத்தக்க சாட்சிகள் அல்ல. மயிர், சுரப்பி, ஒரு மில்லிமீட்டர் மொட்டு, காய்க்குள் இருக்கும் விதைகளின் எண்ணிக்கை போன்ற, நாம் வழக்கமாகப் பார்க்காமல் விடும் நுணுக்கங்களே உண்மையைச் சொல்கின்றன.

பெரிய குடும்பம், சிறிய பூ

யூபோர்பியேசி என்னும் ஆமணக்குக் குடும்பத்தில் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நமக்கு நன்கு தெரிந்தவற்றில் பல வெளியூர்க்காரர்கள். ஆமணக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும், மரவள்ளியும் ரப்பரும் தென் அமெரிக்காவிலிருந்தும், காட்டாமணக்கு மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்தும் வந்தவை. வெப்பமண்டல ஆசியாவுக்கே உரிய உறுப்பினர்கள் அவ்வளவு புகழ் பெறவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை தொடங்கி மியான்மர், தாய்லாந்து, மலேசியா, போர்னியோ வழியாக நியூகினி வரை, காட்டு விளிம்புகளிலும் ஆற்றங்கரைகளிலும் மரம் வெட்டிய வெளிகளிலும் மல்லோட்டஸ், மக்கரங்கா, குரோட்டன், கிளாக்ஸைலான், டிரைகோனோஸ்டெமான், எக்ஸ்கோகேரியா எனப் பல பேரினங்கள் புதர்களாகவும் சிறுமரங்களாகவும் வளர்கின்றன. காட்டிலாகா ஊழியர்கூட இவற்றில் பலவற்றைப் பெயர் சொல்லாமல் கடந்துபோவார்.

காரணம் பூ. செம்பருத்தியிலோ ஆவாரையிலோ பூவைப் பார்த்ததும் இன்ன செடி என்று சொல்லிவிடலாம். இந்தக் குடும்பத்தில் பூ கண்ணில் படுவதே அரிது. பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவு, பச்சை அல்லது மங்கிய மஞ்சள் நிறம், பல பேரினங்களில் அல்லி இதழே கிடையாது. ஆண்பூவும் பெண்பூவும் எப்போதும் தனித்தனி. சிலவற்றில் இரண்டும் ஒரே செடியில் இருக்கும். வேறு சிலவற்றில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. பின்னதுதான் தலைவலி. ஆண்செடிக் கிளையை ஒருவரும் பெண்செடிக் கிளையை இன்னொருவரும் சேகரித்து அனுப்ப, ஒரே இனம் இரண்டு பெயர் பெற்ற கதைகள் இந்தக் குடும்பத்தில் உண்டு.

நம் கொல்லையிலேயே இதற்கு நல்ல பாடங்கள் இருக்கின்றன. குப்பைமேனியின் கதிரைக் கவனியுங்கள். பெண்பூவை ஏந்தியிருக்கும் பூவடிச் செதில், காய் முதிர முதிரக் கிண்ணமாக விரிந்து அதைப் பொதிந்துகொள்கிறது. புதர்க்காடுகளில் வளரும் சின்னிச் செடியிலும் இதே அமைப்புதான். இரண்டும் அக்காலிஃபா பேரினம் என்று அந்தக் கிண்ணமே சொல்லிவிடும். அம்மான் பச்சரிசியில் நாம் 'பூ' என்று நினைப்பது பூவே அல்ல. அது ஒரு பூங்கொத்து. சயாத்தியம் எனப்படும் குவளைக்குள் நடுவில் ஒரு பெண்பூ, சுற்றிலும் பல ஆண்பூக்கள். ஒவ்வோர் ஆண்பூவும் ஒரே ஒரு மகரந்தத்தாளாகச் சுருங்கிப் போயிருக்கும். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, கிறிஸ்துமஸ் காலத்துப் பாயின்செட்டியா ஆகியவை தோற்றத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. ஆயினும் இந்தக் குவளை இருப்பதால் எல்லாமே யூபோர்பியா பேரினம்.

களத்தில் பார்க்க வேண்டியவை

முதலில் பால். இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வருகிறதா, தெளிந்த நீர் வருகிறதா, சிவந்த சாறு வருகிறதா, ஒன்றுமே வரவில்லையா? கள்ளி, தில்லை போன்ற கிளைக்குழுவில் வெண்பால் சொட்டும். குரோட்டன், காட்டாமணக்கு குழுவில் பால் நிறமற்றோ சிவந்தோ இருக்கலாம். குப்பைமேனி, ஆமணக்கு குழுவில் பால் பெரும்பாலும் கிடையாது. பால் வருவதாலேயே இந்தக் குடும்பம் என்று முடிவு கட்டவும் கூடாது. எருக்கும் நந்தியாவட்டையும் பால் வடிப்பவைதான், ஆனால் அவற்றின் இலைகள் எதிரெதிராக அமைந்தவை. ஆலும் அத்தியும் பால் வடிக்கும். அவற்றில் இலையடிச் செதில் விழுந்த தழும்பு தண்டைச் சுற்றி வளையமாகத் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாலைச் சுவைத்துப் பார்ப்பது, கையில் பட்டதைக் கழுவாமல் கண்ணைத் தேய்ப்பது இரண்டும் ஆபத்து. பிச்சாவரம் சதுப்புக்காட்டில் வளர்வதும், சிதம்பரத்துக்குப் பழைய பெயரைத் தந்ததுமான தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அதே எக்ஸ்கோகேரியா பேரினத்தில் இன்னொரு செடி, மேலே பச்சையும் அடியில் அடர்சிவப்புமான இலைகளோடு தென்கிழக்காசியத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படுகிறது. அழகைப் பார்த்து அதன் பாலைச் சாதுவானது என்று நினைத்துவிடக் கூடாது. நேர்வாள விதையின் எண்ணெயில் உள்ள ஃபோர்பால் எஸ்டர்கள் தோலைக் கொப்பளிக்கச் செய்பவை. புற்றுநோய் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களாக ஆய்வகங்களில் அறியப்பட்டவை.

அடுத்தது சுரப்பி. ஆமணக்கு இலைக்காம்பில் சிறு குமிழ்கள் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அவை பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் இடங்கள். அந்தத் தேனுக்கு எறும்பு வரும். எறும்பு நடமாடும் இலையைப் புழுக்கள் தின்பது குறையும். இந்தச் சுரப்பிகள் காம்பின் நுனியில் உள்ளனவா, இலையின் மேற்பரப்பில் உள்ளனவா, விளிம்பிலா, எத்தனை என்பதெல்லாம் பேரினத்துக்குப் பேரினம் மாறும். உலர்ந்த மாதிரியிலும் இவை அழியாமல் நிற்பதால் ஹெர்பேரியத்தில் வேலை செய்பவர் முதலில் கண் வைக்கும் இடம் இதுதான்.

மூன்றாவது மயிர். தனி மயிரா, ஒரே புள்ளியிலிருந்து பல கதிர்களாகப் பிரிந்த விண்மீன் மயிரா, தட்டையான செதிலா என்பதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றே காட்டிவிடும்.

நான்காவது கிளை அமைப்பு. நெல்லிக் கிளையைப் பார்ப்பவர்கள் அதைப் புளி இலைபோன்ற கூட்டிலை என்றே எண்ணுவார்கள். உண்மையில் நாம் இலை என்று நினைப்பது ஒரு சிறுகிளை. சிற்றிலை என்று நினைப்பது ஒவ்வொன்றும் முழு இலை. சோதனை எளிது: உண்மையான கூட்டிலையில் சிற்றிலையின் கோணத்தில் மொட்டோ பூவோ இருக்காது. நெல்லியிலும் கீழாநெல்லியிலும் ஒவ்வோர் இலைக்கோணத்திலும் பூ இருக்கும். முதன்மைத் தண்டில் இலைகள் வெறும் செதிலாகச் சுருங்கியிருக்கும். நெல்லி மரத்தில் இலை உதிரும் காலத்தில் சிறுகிளையே மொத்தமாக உதிரும். பூலாவுக்கும் இதே அமைப்பு உண்டு. அதனோடு பலர் குழப்பிக்கொள்ளும் வெள்ளைப்பூலாவில் இது கிடையாது. சாதாரண இலைகளே எல்லாக் கிளைகளிலும் இருக்கும், கிளைநுனி முள்ளாக முடியும். பூலாப் பழம் கறுத்துக் கையில் கறை பிடிக்கும். வெள்ளைப்பூலாப் பழம் பெயருக்கேற்ப வெளுத்திருக்கும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது காய். மூன்று அறை, மூன்று புடைப்பு, முதிர்ந்ததும் வெயிலில் படீரென்று வெடித்துச் சிதறல், நடுவில் ஓர் அச்சு மட்டும் காம்பில் மிஞ்சுதல். ஆமணக்குக் காயில் காணும் இந்தக் காட்சி குடும்பத்தின் பெரும்பகுதிக்குப் பொது. சில பேரினங்களில் காய் சதைப்பற்றாக மாறிவிடும், சிலவற்றில் அறைகள் இரண்டாகக் குறையும் அல்லது கூடும். அப்படியிருந்தும், பெயர் தெரியாத ஒரு புதரில் மூன்று புடைப்புக் காயைக் கண்டால் ஆமணக்குக் குடும்பத்தையோ அதன் நெருங்கிய உறவையோ சந்தேகிக்கலாம்.

மல்லோட்டஸா, மக்கரங்காவா?

தென்கிழக்காசியக் காடுகளில் இனங்காண்பவரைத் திணறடிக்கும் இரட்டையர் இவ்விரு பேரினங்கள். இரண்டும் காட்டில் வெளிச்சம் விழும் இடத்தை முதலில் பிடித்துக்கொள்பவை. இரண்டிலும் அகன்ற இலை, அடியிலிருந்தே பிரியும் நரம்புகள், கதிர்க் கதிராகச் சிறுபூக்கள்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. மக்கரங்காவில் இலைகள் மாறிமாறியே அமையும். மயிர் தனி மயிர். பல இனங்களில் காம்பு இலையின் விளிம்பில் சேராமல் அடிப்பரப்பின் உள்ளே தள்ளிச் சேரும். மல்லோட்டஸில் விண்மீன் மயிர் பொது. சில இனங்களில் இலைகள் எதிரெதிராக, அதுவும் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக அமையும். இன்னும் ஐயம் இருந்தால் ஆண்பூவைப் பிரிக்க வேண்டும். மல்லோட்டஸின் மகரந்தப்பைக்கு இரண்டு அறை. மக்கரங்காவுக்கு மூன்று அல்லது நான்கு.

தமிழ்நாட்டின் மலையடிவாரங்களிலும் கேரளத்திலும் இலங்கையிலும் வளரும் வட்டக்கண்ணி ஒரு மக்கரங்கா. இலங்கையில் கெந்த என்று அழைக்கப்படும் இதன் இலையில் மாவைப் பொதிந்து ஹலப்ப என்ற பலகாரத்தை அவிக்கிறார்கள். போர்னியோவிலும் மலாயாவிலும் இதன் உறவினங்கள் சில எறும்புகளுக்கு வீடே கட்டிக் கொடுக்கின்றன. அவற்றின் தண்டு உள்ளீடற்றது. அதற்குள் கிரெமட்டோகாஸ்டர் பேரின எறும்புகள் குடியிருக்கும். செடி அவற்றுக்கு உணவுத் துணுக்குகளையும் உண்டாக்கித் தரும். பதிலுக்கு எறும்புகள் இலை தின்னும் பூச்சிகளை விரட்டும், சுற்றிப் படரும் கொடிகளைக் கடித்தெறியும். சில இனங்களின் தண்டில் வழுக்கும் மெழுகு படிந்திருக்கும். குடியிருக்கும் எறும்பு அதில் தடையின்றி நடக்கும், அந்நிய எறும்பு வழுக்கி விழும். ஆகவே அங்கே தண்டை ஒடித்துப் பார்ப்பதும், மெழுகு உண்டா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பதும், இலையடிச் செதில் பின்னோக்கி வளைந்திருக்கிறதா என்று கவனிப்பதும் இனங்காணும் முறையின் பகுதி.

மல்லோட்டஸில் நமக்கு அறிமுகமானது கபிலப்பொடி தரும் சிறுமரம். இதன் மூன்றறைக் காயின் மேல் செந்நிறச் சுரப்பித் துகள்கள் அடர்ந்திருக்கும். காயைத் தேய்த்து உதிர்த்த அந்தத் துகளே கபிலப்பொடி. பட்டுக்கும் கம்பளிக்கும் செம்மஞ்சள் சாயம் ஏற்றவும் குடற்புழுவை நீக்கவும் நெடுங்காலம் பயன்பட்டது. இந்தச் செடியின் பெயர் வரலாற்றைப் பார்த்தால் வகைப்பாடு நடக்கும் விதமும் விளங்கும். பிரெஞ்சுக்காரர் லமார்க் 1786-இல் இதற்குக் குரோட்டன் என்ற பேரினப் பெயரைத் தந்தார். பின்னர் வில்லியம் ராக்ஸ்பர்க், கோரமண்டல் கரைச் செடிகளைப் பற்றிய தம் நூலில் இதை ராட்லெரா டிங்டோரியா என்று வருணித்தார். தரங்கம்பாடிக்கு 1776-இல் வந்து, தமிழ்நாட்டில் செடிகளைச் சேகரித்து, தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்த யோஹான் பீட்டர் ராட்லரைச் சிறப்பிக்கும் பேரினப் பெயர் அது. ஆனால் வியட்நாமில் பல்லாண்டு வாழ்ந்த போர்த்துகீசியப் பாதிரியார் லூரெய்ரோ 1790-இலேயே மல்லோட்டஸ் என்ற பேரினத்தை வெளியிட்டிருந்தார். ஸ்விஸ் தாவரவியலாளர் முல்லர் 1865-இல் கபிலப்பொடிச் செடியை அதில் சேர்த்தார். முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி ராட்லரின் பெயர் தாவரவியலில் மறைந்தது. வேதியியலில் மட்டும் நிலைத்தது: கபிலப்பொடியிலிருந்து பிரித்தெடுக்கும் நிறமிக்கு இன்றும் ராட்லரின் என்றே பெயர்.

லூரெய்ரோ அதே 1790-ஆம் ஆண்டு நூலில் பெயரிட்ட இன்னொரு பேரினம் ஹோமோனோயா. தென்னிந்திய ஆறுகளின் பாறை இடுக்குகளில் வளரும் காட்டலரி இந்தப் பேரினத்தது. இந்தியாவிலிருந்து நியூகினி வரை பரவியுள்ளது. வெள்ளம் புரட்டினாலும் ஒடியாமல் வளைந்து கொடுக்கும் தண்டு, நீரோட்டத்துக்குத் தடை தராத ஒடுங்கிய இலை. அந்த இலையை மட்டும் பார்த்தவர் அரளி என்பார். பால் வடிகிறதா என்று பார்த்தால் வடியாது. இலை மாறிமாறி அமைந்திருக்கும். காய் மூன்று புடைப்புள்ளது. ஆண்பூவில் மகரந்தத்தாள்கள் கிளைவிட்டுக் கிளைவிட்டுப் பிரியும். ஆமணக்கின் ஆண்பூவைப் பிரித்துப் பார்த்தவருக்கு அது பழகிய காட்சி. ஓடும் நீரில் வாழ நேர்ந்ததால் இலை உருமாறியது. பூவும் காயும் பழைய உறவை மறைக்கவில்லை.

ஒரு சூலா, இரண்டு சூலா?

இனி காய்க்குள் போவோம். இளம் ஆமணக்குக் காயைக் குறுக்கே அறுத்தால் மூன்று அறை, அறைக்கு ஒரு விதை, ஆக மொத்தம் மூன்று. கீழாநெல்லிக் காயையோ நெல்லிக்கொட்டையையோ உடைத்தால் அறைக்கு இரண்டாக ஆறு விதை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாவரவியலாளர்கள் இந்த வேறுபாட்டைக் கவனித்துவிட்டார்கள். ஆனாலும் ஒரே குடும்பத்தின் இரு பகுதிகள் என்றே வைத்திருந்தார்கள். அமெரிக்கத் தாவரவியலாளர் கிராடி வெப்ஸ்டர் 1994-இல் வெளியிட்ட விரிவான வகைப்பாட்டில் ஐந்து துணைக்குடும்பங்கள் இருந்தன: இரண்டு 'இருசூல்' குழுக்கள், மூன்று 'ஒருசூல்' குழுக்கள்.

டி.என்.ஏ. ஒப்பீடு வந்த பிறகு கூட்டுக் குடும்பம் பாகம் பிரிந்தது. இருசூல் குழுக்கள் ஒருசூல் குழுக்களோடு சேர்ந்து ஒரே கிளையாக வரவில்லை. எனவே நெல்லி, கீழாநெல்லி, பூலா, தவசிக்கீரை ஆகியவை ஃபில்லாந்தேசி என்ற தனிக் குடும்பத்துக்குப் போயின. இலங்கையின் வறண்ட காடுகளிலும் தமிழகக் கடலோரக் காடுகளிலும் வளரும் வீரை மரம் புத்ரஞ்சிவேசி குடும்பத்துக்குப் போனது. வீரையின் புதிய இடத்துக்கு வேதியியலும் துணை நின்றது: கடுகுக் காரத்துக்குக் காரணமான குளுக்கோசினோலேட்டுகள் கடுகு வரிசைக்கு வெளியே இந்தக் குடும்பத்தில்தான் காணப்படுகின்றன. பழைய நூல்களில் ஒரே தலைப்பின் கீழ் இருந்தவை இப்படிப் பல குடும்பங்களாயின. கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூலையோ, திருச்சி ரபினாட் ஹெர்பேரியத்தின் கே.எம்.மேத்யூ எழுதிய தமிழகத் தாவரநூலையோ பயன்படுத்துபவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். அந்நூல்களின் வருணனைகள் இன்றும் உறுதியானவை. மேலே இருக்கும் குடும்பப் பெயர்தான் மாறியிருக்கிறது.

பிரிவினைக்கு நடுவே எதிர்பாராத ஒருவர் உறவு சொல்லிக்கொண்டு வந்தார். சுமத்ரா, போர்னியோ காடுகளில் இலையும் தண்டும் இல்லாமல் கொடிகளின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வாழ்ந்து, ஒரு மீட்டர் அகலம் வரை பூக்கும் ராஃப்ளேசியாவுக்கு உறவு எது என்பது நெடுநாள் புதிர். 2007-இல் சார்லஸ் டேவிஸ் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் அதற்கு விடை தந்தார்கள். உலகின் மிகப் பெரிய பூ, பூவே கண்ணுக்குத் தெரியாத ஆமணக்குக் குடும்பத்தின் உள்ளிருந்து கிளைத்தது. இலை இல்லை, பச்சையம் இல்லை, பூ உருமாறிவிட்டது என்ற நிலையில் மரபணு மட்டுமே சாட்சி சொன்னது. ராஃப்ளேசியாவுக்குத் தனிக் குடும்பத் தகுதி தொடர வேண்டுமானால் ஆமணக்குக் குடும்பத்தின் அடிக்கிளை ஒன்றைப் பிரித்தாக வேண்டும். பூக்கும் தாவரங்களுக்காக 2016-இல் வெளியான நான்காவது ஏ.பி.ஜி. வகைப்பாடு பெரேசி என்ற குடும்பத்தை அந்தக் காரணத்துக்காகவே ஏற்றது.

நெல்லிக்குப் புதுப்பெயர்

பேரின அளவில் இன்னும் சிக்கல் உண்டு. நெல்லியின் ஃபில்லாந்தஸ் பேரினத்துக்கு அருகில் கிளாக்கிடியன், பிரைனியா என்ற ஆசியப் புதர்கள் தனிப் பேரினங்களாக இருந்தன. கிளாக்கிடியனின் அடையாளம், சூல்தண்டுகள் ஒட்டிச் சேர்ந்து ஒரு தூணாக நிற்பது. எந்தப் பூச்சியும் போகிறபோக்கில் மகரந்தம் பூசிவிட முடியாத அமைப்பு அது. ஜப்பானியர் மகோட்டோ காட்டோ குழுவினர் 2003-இல் இதன் பொருளைக் கண்டுபிடித்தார்கள். எபிசெஃபலா என்ற சிறு அந்துப்பூச்சியின் பெண், ஆண்பூவிலிருந்து மகரந்தத்தைத் தன் உறிஞ்சுகுழலில் சேகரித்து, பெண்பூவில் தானே கொண்டுபோய்த் திணிக்கிறது. பிறகு அங்கே முட்டையிடுகிறது. புழு சில விதைகளைத் தின்னும், மீதி விதைகள் செடிக்கு. இனங்காண்பவர் குறித்துக்கொண்டிருந்த ஒரு சிறு தூணுக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருந்தது.

அவ்வளவு தெளிவான அடையாளம் இருந்தும் கிளாக்கிடியனின் தகுதி கேள்விக்குள்ளானது. இலங்கைத் தாவரவியலாளர் ஹஷேந்திரா கத்ரியாராச்சியும் உடன் ஆய்வாளர்களும் 2005, 2006-இல் வெளியிட்ட மரபணு மரங்களில் கிளாக்கிடியனும் பிரைனியாவும் ஃபில்லாந்தஸின் கிளைகளுக்கு உள்ளேயே வந்து அமர்ந்தன. பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் வழிவந்த அத்தனை இனங்களும் அதில் அடங்க வேண்டும் என்பது இன்றைய கொள்கை. உள்ளே இருக்கும் இரண்டை மட்டும் வெளியே நிறுத்தி வைக்க முடியாது. தீர்வு இரண்டே. எல்லாவற்றையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட ஒரே ஃபில்லாந்தஸில் கொட்டிவிடலாம். அல்லது ஃபில்லாந்தஸைப் பல துண்டுகளாக உடைக்கலாம். 2006-இல் முதல் தீர்வு முன்மொழியப்பட்டது. 2022-இல் பவுமனும் உடன் ஆய்வாளர்களும் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அதன்படி கிளாக்கிடியன் மீண்டும் தனிப் பேரினம், பூலா கிர்கனீலியா, நெல்லி மறுபடி எம்ப்ளிகா. தவசிக்கீரையின் கதை வேறு திசையில் போனது. சௌரோபஸ் என்றிருந்த அதை, இந்திய ஆமணக்குக் குடும்பத்தைப் பற்றி 2007-இல் விரிவான நூல் தந்த என்.பி.பாலகிருஷ்ணன், டி.சக்ரபர்த்தி இருவரும் 2012-இல் பிரைனியாவுக்கு மாற்றினார்கள். புதுப்பெயர்களை எல்லாரும் ஒரே நாளில் கைக்கொள்வதில்லை. அதனால் மருந்துக்கடைச் சீட்டிலும் ஆய்வுக் கட்டுரையிலும் நெல்லிக்கு இரண்டு பெயர்கள் சேர்ந்தே புழங்குகின்றன.

தாவரவியலாளர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பெயர்மாற்றம் தலைவலிதான். ஆனால் உறவு சரியாகத் தெரிந்தால்தான் ஒரு செடியில் கண்ட நச்சையோ மருந்தையோ அதன் உறவுகளில் தேட முடியும், எந்தப் பூச்சி எதைச் சார்ந்து வாழ்கிறது என்று கணிக்க முடியும். ஃபோர்பால் எஸ்டர் ஆமணக்குக் குடும்பத்தில் பரவலாக உண்டு, கீழாநெல்லிக் குடும்பத்தில் அது கிடையாது. வைத்தியத்துக்குச் செடி பறிப்பவருக்கு இந்தக் குடும்பப் பிரிவினை வெறும் ஏட்டுச் செய்தி அல்ல.

படம் எடுப்பவர் கவனத்துக்கு

இன்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் போட்டால் செயலி பெயர் சொல்லிவிடுகிறது. செம்பருத்திக்கு அது போதும். ஆமணக்குக் குடும்பத்துப் புதருக்குப் போதாது, ஏனென்றால் படத்தில் இருப்பது இலை மட்டும். அடுத்த முறை பெயர் தெரியாத புதரைக் காணும்போது இவற்றையும் எடுங்கள்: இலைக்காம்பு இலையோடு சேரும் இடம், இலையின் அடிப்புறம், கைலென்ஸைக் கேமராவின் முன் வைத்து நெருக்கமாக, இலைகள் மாறிமாறியா எதிரெதிரா என்று தெரியும்படி ஒரு கிளை, இலையடிச் செதில், ஆண்பூ, பெண்பூ இரண்டும், குறுக்கே அறுத்த இளங்காய், அருகில் ஓர் அளவுகோல். பால் வந்ததா, என்ன நிறம், செடி மரமா புதரா, அருகில் ஆறா சாலையா என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பூ ஒரே பாலாக இருந்தால் பக்கத்திலேயே அதன் துணைச்செடி இருக்கிறதா என்று தேடுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இப்படி எடுத்த குறிப்போடு கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியத்திலோ, ஊரில் உள்ள கல்லூரித் தாவரவியல் துறையிலோ கேட்டால், கேட்கப்படுபவருக்குப் பதில் சொல்ல ஏதேனும் இருக்கும். பெயர்கள் இன்னும் மாறும். காயை அறுத்து எண்ணி எழுதிய குறிப்பு எந்த வகைப்பாட்டிலும் பயன்படும். இலையை மட்டும் காட்டும் படம் எதிலும் பயன்படாது.